நம்மைப் பற்றிய நூல் நம் கைக்கு எப்போது வரும்?



ஆய்வு நூல் பதிப்பு என்று தலைப்பைச் சொன்னதுமே, இது விரிவுரையாளர்கள் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் ரிமோட்டைத் தேடியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இது ஜோகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் விவகாரமும்கூட.

1960-களின் தொடக்கத்தில் ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியல் ஆய்வாளர் நம் நாட்டு ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கினார். லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் உறவுமுறை, கோயில், கங்காணி, தொழிற்சங்கம் என அனைத்தையும் எழுதினார். 1970-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக்கியது. நூலில் அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயர் இல்லை. ‘பால் மெலாயு’ என்று ஒரு புனைபெயர்தான் இருக்கிறது. தகவல் கொடுத்த எளிய மக்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் நெறி அது. நல்ல நெறிதான். ஆனால், அதில் வரும் பாட்டி தன் சொந்தப் பாட்டி என்பது இன்று ஒரு பேரனுக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஓரிரு ஆண்டுகளில் மேலும் இரண்டு பெரிய நூல்கள் வந்தன. மலாயாவுக்கு இந்தியர்கள் வந்து குடியேறிய கதையைக் கணக்கோடும் வரைபடத்தோடும் சொன்ன கெர்னியல் சிங் சந்துவின் நூலைக் கேம்பிரிட்ஜ் 1969-இல் வெளியிட்டது. சின்னப்பா அரசரத்தினத்தின் நூலை ஆக்ஸ்ஃபோர்டு 1970-இல் வெளியிட்டது. மூன்றும் ஆங்கிலம், மூன்றும் வெளிநாட்டுப் பதிப்பகம். எழுதியவர்கள் மீது எனக்குக் குறையே இல்லை. அவர்கள் எழுதாவிட்டால் எத்தனை பேர் கப்பலேறி வந்தோம் என்பதற்கே நாம் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருப்போம். என் கவலை வேறு. யாருடைய வாழ்க்கை அங்கே சான்றாக நிற்கிறதோ, அந்தக் குடும்பத்தில் தமிழ் மட்டுமே படித்த ஒருவருக்கு அந்தப் பக்கங்கள் எட்டவில்லை.

ஆய்வு நூலுக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். கையெழுத்துப்படி வந்ததும் பதிப்பகம் அதைத் துறை வல்லுநர்கள் இருவருக்காவது அனுப்பும். அவர்கள் குறை சொல்வார்கள், எழுதியவர் திருத்துவார். ஒவ்வொரு செய்திக்கும் அடிக்குறிப்பு வேண்டும். கடைசியில் பொருளடைவு வேண்டும். எங்கள் தொலைக்காட்சித் தொழிலில் தயாரிப்பாளர் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதை யார் சொன்னது?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய நூல்தான் ஆய்வு நூல்.

இந்த வேலையை நம்மவர்கள் செய்யாமலில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961-இல் வந்த தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். கட்டுரைத் தொகுப்பின் முதல் தொகுதி 1968-இலும் இரண்டாம் தொகுதி 1969-இலும் வெளிவந்தன. கவனியுங்கள், மாநாட்டுக்கும் நூலுக்கும் இடையே இரண்டு, மூன்று ஆண்டுகள்! இன்றும் உலக ஆய்வாளர்கள் அத்தொகுதிகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே 1969-இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களின் பட்டியலைத் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழக நூலகமே அதை வெளியிட்டது.

இன்றைய நம் மாநாடுகளையும் பாருங்கள். காலையில் பெயர் பதியும்போதே பையும் பேனாவும் தடித்த ஆய்வுக்கோவையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கட்டுரை இன்னும் வாசிக்கப்படவே இல்லை; யாரும் கேள்வி கேட்கவில்லை; அதற்குள் அது நூலாகிவிட்டது! அட்டையில் ஐஎஸ்பிஎன் எண் இருக்கும். அந்த எண் நூலுக்கு அடையாள அட்டை மாதிரி. அதை வைத்து ஆளின் தராதரத்தைச் சொல்ல முடியுமா?

பல்கலைக்கழகங்களிலும் சிக்கல் இருக்கிறது. ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்தில் இடம்பெறும் ஆங்கிலக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, ஐந்தாண்டு உழைத்து எழுதிய தமிழ் நூலுக்குக் கிடைப்பதில்லை. பதவி உயர்வை நம்பியிருக்கும் இளம் விரிவுரையாளரை எப்படிக் குறை சொல்வது? ஆங்கிலத்தில் வந்தாலும், நூலகங்களை நம்பிச் சில நூறு படிகளே அச்சிடும் மேலைநாட்டுப் பதிப்பகங்களின் கெட்டி அட்டை நூல் பல வேளைகளில் ஐந்நூறு ரிங்கிட்டைத் தாண்டுகிறது.

சரி, வழி இருக்கிறதா? வெகுதூரம் போக வேண்டாம். இதோ நம் ஸ்கூடாயில் சதர்ன் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. 1990-இல் சீனச் சமூகத்தின் முயற்சியால் கல்லூரியாகத் தொடங்கி, 2012-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. ஜோகூரில் மிளகும் கேம்பியரும் பயிரிட்ட தியோசியு மக்களின் வரலாற்றுக்காக, அச்சமூகத்தின் சங்கமும் இக்கல்லூரியும் கைகோத்தன. பழைய ஆவணங்களைத் திரட்டினார்கள். 2003-இல் அந்த மூல ஆவணங்கள் தொகுப்பாக வந்தன. அதன்பின் வரலாற்று நூல் வந்தது. முதலில் சான்று, பிறகு கதை. பணம் சங்கத்துடையது, ஆய்வு கல்லூரியுடையது. எழுதியது அவர்கள் மொழியில்.

நம்மிடம் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். கும்பாபிஷேக மலர்களை வழவழ தாளில், பக்கத்துக்குப் பக்கம் வண்ண விளம்பரத்தோடு போடுகிறோமே! நான் அவற்றைக் கேலி செய்யவில்லை. எந்தக் கங்காணி முதல் கல்லை நட்டார், எந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு நன்கொடை வந்தது என்பதெல்லாம் பல நேரம் அந்த மலர்களில்தான் கிடைக்கின்றன. ஆனால் விழா முடிந்ததும் அவை எங்கே போகின்றன? 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உங்கள் கோயில் மலரை ஒப்படைத்தீர்களா என்று செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரிய பதிப்பகம் தொடங்கச் சொல்லவில்லை. மாநிலத்திலுள்ள கோயில்களும் சங்கங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரே ஒரு நூல் போடட்டும். நூலக அலமாரியில் கிடக்கும் தமிழ் ஆய்வேடுகளில் ஒன்றை எடுத்து, இரண்டு வல்லுநர்களிடம் கொடுத்துத் திருத்தி, பொருளடைவு சேர்த்து, முன்னூறு படி அச்சிடட்டும். மின்படியை இலவசமாகத் தரட்டும். அடுத்த ஆண்டு நான் சொன்ன மூன்று ஆங்கில நூல்களில் ஒன்றைத் தமிழாக்க உரிமை கேட்டு எழுதட்டும். உரிமை கேட்கும் கடிதத்திற்குத் தபால் செலவுதான். மின்னஞ்சல் என்றால் அதுவும் இல்லை.

வீட்டில் தாத்தாவின் செக்ரோல் நோட்டோ, தோட்டக் கோயில் கணக்குப் புத்தகமோ, மூடிவிட்ட தமிழ்ப்பள்ளியின் பதிவேடோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடையது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். தோட்டத்தின் உண்மைப் பெயரையே எழுதுங்கள்.