மருந்தும் மோட்டார் ஓட்டமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மோட்டார் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம் என்றதும் சபையிலே சிலர் புன்னகை செய்கிறார்கள். ஆன்மீகமும் இலக்கியமும் முழங்கும் மேடையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று அவர்கள் நினைப்பது நியாயமே. ஆனால் இந்தப் பொருளை நாம் தேடிச் சென்று எடுக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அவர் எங்களோடு மிஷன் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பெயரைச் சொல்லவில்லை. மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத்தில் அவருக்கு உயிர். வாரம் முழுவதும் விரிவுரை கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புழுதித் திடலில் அவர் பாய்ந்து திரும்புவதைக் காண நாங்கள் கூடி நிற்போம். சென்ற ஆண்டு அவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் கண்டார்கள். இப்பொழுது தெல்லிப்பழையில் மருந்தேற்றுகிறார்கள். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நம் நாட்டவர் பலர் கால்நடையாக வந்து திரட்டிய பொருளால் எழுந்த வைத்தியசாலை அது.

பார்க்கப் போன அன்று நண்பர் எங்களைக் கேட்டார்: “மச்சான், சைக்கிளை வித்துப் போடட்டோ?” வெளியே விறாந்தையில் அவருடைய தாயார் எங்களை மறித்து, “தம்பியவை, அவனுக்கு இனி அந்தக் கதையே வேண்டாம். நீங்கள் சொன்னால் கேப்பான்” என்றார். இருவருக்கும் எங்களிடம் விடையில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இப்பேச்சு.

நோயோடு மோட்டார் ஓட்டத்தைத் தொடர்ந்தோர் உலகில் உண்டா என்று முதலிலே பார்த்தோம். தமிழர் எல்லாரும் அறிந்த ஒருவர் உடனே நினைவுக்கு வந்தார். நடிகர் அஜித் குமார் திரையுலகுக்கு வந்த தொடக்க காலத்திலேயே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத்தில் விழுந்து முதுகெலும்பிற் காயமுற்று, பல சத்திரசிகிச்சைகளுக்கு ஆளானவர். அதன் பின்பும் 2003இல் ஆசிய போர்முலா பீ.எம்.டபிள்யூ. போட்டியிலும், 2010இல் போர்முலா டூ போட்டியிலும் ஓடினார். 2025 ஜனவரியில், தமது 53ஆவது வயதில், துபாயிலே நடைபெற்ற 24 மணிநேர ஓட்டத்துக்குச் சொந்த அணியோடு சென்றார். ஓட்டத்துக்குச் சில நாட்களின் முன், பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பிலே மோதிச் சுழன்றது. அப்பொழுது அவர் செய்ததை நாம் கவனிக்க வேண்டும். தமது உடல்நலத்தையும் அணியின் நலத்தையும் எண்ணி, முதலில் ஓட்டவிருந்த காரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வேறொரு காரிலே அளவாக ஓட்டினார். அவர் விட்டுக்கொடுத்த கார் தன் பிரிவிலே மூன்றாம் இடம் பெற்றது. கொடியோடு துள்ளி மகிழ்ந்த அவருடைய படத்தைப் பார்த்த நம்மிற் பலருக்கு, அவர் அதை விட்டு இறங்கியது தெரியாது.

இரண்டாமவர் அமெரிக்கரான சார்லி கிம்பல். 2007இல், 22 வயதில், முதலாம் வகை நீரிழிவு என்று அறிந்தார். சரீரம் இன்சுலினைச் சுரக்காத நோய் இது. 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றும்வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைப்பது அரிது. காரோட்டத்திலோ அபாயம் இரட்டிப்பு. இரத்தத்திலே சீனி குறைந்தால் கண் மங்கும், கை நடுங்கும், அறிவு மயங்கும். ஓட்டக் காரில் அது ஒரு நொடி நேர்ந்தாலும் போதும்.

கிம்பல் அந்த ஆண்டு ஓட்டத்தை நிறுத்தினார். வைத்தியரோடு இருந்து தம் உடலைப் படித்தார். மறு ஆண்டு திரும்பினார். உடலில் ஒட்டிய ஒரு சிறு கருவி அவருடைய சீனியின் அளவை, காரின் வேகம் தெரிகிற இடத்திலேயே காட்டியது. தலைக்கவசத்துக்கு இரண்டு போத்தல்களிலிருந்து குழாய் வந்தது. ஒன்றிலே தண்ணீர், மற்றதிலே சீனி கலந்த தோடம்பழச் சாறு. அளவு இறங்கினால் ஓட்டியபடியே சாற்றை உறிஞ்சலாம். இவ்வாறு ஓடி 2013 ஆகஸ்டில் ஒகையோ மாகாணத்திலே இண்டிகார் ஓட்டமொன்றில் முதலாவதாக வந்தார். 2015இல் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றார். எஞ்சினின் சூட்டைப் பார்ப்பதுபோல நோயையும் ஒரு முள்ளாக வைத்துப் பார்த்தவர் அவர்.

இதைப் படித்தபோது நமது ஊர்க் கார்களே எங்கள் நினைவுக்கு வந்தன. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்து ஒஸ்டின் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் தந்தையர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலிற் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், இழுவை குறையும். ஆனாலும் கார் கோப்பாய் தாண்டி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய வேகத்தை அந்தக் காரிடம் எவரும் கேட்கவில்லை. கிடைத்த எண்ணெய்க்கு ஏற்ப எஞ்சினை இசைவித்தார்கள்.

மூன்றாமவர் ஒஸ்திரிய நாட்டு நிக்கி லவுடா. 1976 ஆகஸ்ட் 1ஆந் திகதி, ஜெர்மனியின் நியூர்பேர்க்ரிங் ஓட்டத்திலே அவருடைய கார் மோதித் தீப்பற்றியது. கூட ஓடிய வீரர்கள் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவரைத் தீயிலிருந்து இழுத்தெடுத்தார்கள். முகம் வெந்தது, நச்சுப் புகையால் நுரையீரல் பழுதுற்றது, வைத்தியசாலையிலே பாதிரியார் இறுதிச் செபமும் சொல்லிவிட்டார். ஆறு வாரங்களின் பின், ஆறாத புண்மீது கட்டுக்களோடு, இத்தாலியின் மொன்சாவில் ஓடி நாலாவதாக வந்தார்.

அந்த வீரத்தோடு கதையை முடிப்பவர்களே அதிகம். எங்களைத் தொட்டது அதற்குப் பின் நடந்தது. ஒக்டோபர் 24ஆந் திகதி ஜப்பானில் ஆண்டின் கடைசி ஓட்டம். அதில் நல்ல இடம் பெற்றால் உலக வீரர் பட்டம் லவுடாவுக்கே. அன்று கொட்டும் மழை. தீயிலே இமைகள் பழுதானதால் கண்ணை நன்றாக இமைக்கவும் அவரால் முடியவில்லை. இரண்டு சுற்று ஓடிவிட்டு, அபாயம் அளவு கடந்தது என்று காரை நிறுத்தி இறங்கிவிட்டார். ஜேம்ஸ் ஹண்ட் 69 புள்ளி, லவுடா 68. ஒரு புள்ளியிலே பட்டம் போயிற்று. ஆனால் 1977இலும் 1984இலும் உலகப் பட்டம் அவரிடமே திரும்பி வந்தது. திரும்பி வந்த நெஞ்சுரம் பெரிது. நிறுத்தி இறங்கிய நெஞ்சுரம் அதனினும் பெரிது என்பதே எங்கள் கட்சி.

ஏனெனில், ஓடுபவன் உயிர் மாத்திரம் பணயமாவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி நமது நாட்டிலே, தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டுப் பாய்ந்து, அங்கே நின்றவர்களுள் ஒரு சிறுமி உட்பட ஏழுபேர் மாண்டனர். அந்த விபத்துக்கும் எவருடைய நோய்க்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பாதையோரத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதை அது நமக்கு மறக்கவொண்ணாதபடி கற்பித்தது. ஆகவே, வைத்தியர் “இப்போது வேண்டாம்” என்றால், அச்சொல் அந்தப் பிள்ளைகளுக்காகவும் சொல்லப்படுவது.

எங்கள் நண்பருக்கு ஏன் “இப்போது வேண்டாம்” என்பதையும் கேட்டறிந்தோம். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து நோய்க் கலங்களோடு நல்ல கலங்களையும் தாக்கும். வெண்குருதிக் கலங்கள் குறைந்தால் சிறு சிராய்ப்பும் கிருமிக்கு வாசலாகும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்தால் சாதாரண விழுகையிலும் இரத்தம் நில்லாது. சில மருந்துகள் விரல் நுனியை மரக்கச் செய்யும். பிறேக்கைப் பிடித்திருக்கிறோமா என்பதே கைக்குத் தெரியாது. இவை பெரும்பாலும் மருந்து முடிந்தபின் படிப்படியாகத் தேறுவன. ஆதலால் இப்போதுள்ள தடை, என்றைக்குமான தடை என்று எடுக்கவேண்டியதில்லை.

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே திருவள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் நின்று பணிசெய்பவன் என நான்கு கூறு வகுத்தார். காருக்கு நான்கு சில்லுப்போல என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். நான்காவது சில்லு யார்? அந்தத் தாயாரும் நாங்களும் அல்லவா? “ஓடடா” என்று ஏவினாலும் தவறு. “விட்டுவிடு” என்று கைகழுவினாலும் தவறு.

எனவே நண்பரிடமும் தாயாரிடமும் ஒருமித்து இருந்து பேசினோம். சைக்கிள் விற்கப்படவில்லை. அதன் திறப்பு அம்மாவின் அலுமாரியிலே இருக்கிறது. இரத்தப் பரிசோதனை சரியாகி வைத்தியர் சம்மதித்த பின்னரே அது வெளியே வரும் என்று நண்பரே ஒப்புக்கொண்டார். அதுவரை, உடம்பு இடங்கொடுத்து வைத்தியரும் அனுமதித்த நாட்களில், கையுறை அணிந்து, விறாந்தையிலே பத்திரிகைத்தாள் விரித்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுள் ஒருவர் திடலிலிருந்து தொலைபேசியிற் படம் காட்ட, அவர் வீட்டிலிருந்தே சுற்றுக்களுக்கு நேரம் குறிக்கிறார். சென்ற கிழமை தாயார் எங்களுக்குத் தேநீர் தந்துகொண்டே, “காபரேற்றர் எண்டால் என்ன தம்பி?” என்று கேட்டார். நண்பர் அரைமணி நேரம் விளக்கினார். பல மாதங்களின் பின் அவர் களைப்பில்லாமற் பேசக் கண்டோம்.

பெரியோர்களே, நம் வீடுகளில் நோய் வந்தவர் விரும்பியதை முதலிலே எடுத்து ஒளித்துவைப்பது வழக்கம். அன்பினாலேயே அப்படிச் செய்கிறோம். ஆயினும், குணமடைந்து திரும்புவதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா? பொருளை அவர் கண்ணெதிரே வையுங்கள். திறப்பை மாத்திரம் பத்திரப்படுத்துங்கள். எங்கள் நண்பருக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான். சபையோரும் அவர் நலம் பெற வேண்டிக்கொள்ளுமாறு கேட்டு அமர்கின்றோம்.