இசைத்தட்டில் இல்லாத பெயர்



நினைவுச் சொற்பொழிவில் பழைய இசைத்தட்டுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடப்படுகிறது என்கிற வழக்குதானே நினைவு. அதனால்தான் பேசுகிறோம்.

கிராமபோன் கம்பெனி பதிவு செய்த கர்நாடக இசை, அந்நிறுவனம் 2000இல் சரிகம என்று பெயர் மாறிய பிறகும் குறுந்தகடாகவும் இணையத்திலும் மறுவெளியீடாக வந்துகொண்டிருக்கிறது. மதிப்புரை எழுதுகிறவர்கள் இரைச்சல் நீங்கியிருக்கிறதா, ராகம் எப்படி விரிகிறது, தனி ஆவர்த்தனம் எப்படி என்று பார்க்கிறார்கள். மிருதங்கத்தின் நாதத்தைப் பாராட்டவும் அவர்கள் தவறுவதில்லை. அந்த நாதம் யாருடையது?

வலந்தலைக்குப் பசுத்தோல். தொப்பிக்கு ஆட்டுத்தோலும் எருமைத்தோலும். இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டி, கருஞ்சாந்து இட்டுச் சுருதிக்குக் கொண்டுவருகிற கைகளில் நாதம் பாதி பிறந்துவிடுகிறது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தவர் பர்லாந்து. தஞ்சாவூரிலிருந்து வந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மணி ஐயர் சங்கீத கலாநிதி ஆனார். பர்லாந்தின் பெயரை நாம் எந்த உறையில் படித்தோம்?

இக்கலைஞர்களின் வரலாற்றை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் மேடையேறலாம், தோலின் கதை மேடையேறக் கூடாது.

இனி நந்தனாருக்கு வருவோம். கே.பி. சுந்தராம்பாள் 1935இலும், எம்.எம். தண்டபாணி தேசிகர் 1942இலும் திரையில் நந்தனாராகப் பாடினார்கள். அக்கதையில் வரும் ஆண்டை வேதியர் சேக்கிழாரிடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்த பாத்திரம் அது. அச்சரித்திரத்தின் ‘வருகலாமோ’ இன்றும் மாஞ்சி ராகத்தில் கச்சேரிகளில் ஒலிக்கிறது. உள்ளே வர அனுமதி கேட்டு நிற்கும் நந்தன் சபையை உருக்குகிறார்.

சேக்கிழார் காட்டும் நந்தன் இன்னொன்றும் செய்தவர். கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். கோயிலுக்குள் அவருடைய தோல் முழங்கியது, அவர் வெளியே நின்றார். ‘வருகலாமோ’வின் பதிவைக் கேட்கும்போது, கூடவே ஒலிக்கும் மிருதங்கத்தையும் கேளுங்கள். நந்தனின் தொழில் உள்ளே இருக்கிறது. அவர் பெயரில்தான் பாட்டு. அந்தத் தொழிலைச் செய்தவருக்கோ உறையில் ஒரு வரி இல்லை.

நம் தகடூருக்கும் இதில் பங்குண்டு. அதியமானைப் பாடிய ஔவையார், புறநானூற்றில், பொதுவிடத்தில் தொங்கும் வாரால் இறுகக் கட்டிய தண்ணுமையில் காற்று மோதி எழும் ஒலியைப் போர்முழக்கம் என்று எண்ணி எழும் தலைவனைக் காட்டுகிறார். தலைவனின் பெயர் நமக்குத் தெரியும். வார் கட்டியவர் பெயர்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தோல் தொழிலைப் புகழ்ந்து, அதிலேயே இருங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. செத்த மாட்டைச் சுமக்கும் வேலையை விட்டொழியுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில் சொன்னார். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்கள் நம் வரலாற்றின் பெருமை. விடுவதும் தொடர்வதும் அவரவர் உரிமை. ஆனால், செய்த வேலைக்குப் பெயரும் கூலியும் கேட்பது எல்லோருடைய கடமை.

ஆகவே மாணவர்களிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறோம். ஒன்று, இசைப்பதிவு எதற்கு மதிப்புரை எழுதினாலும், கருவி செய்தவர் யார் என்று வெளியிட்டவரிடம் கேட்டு எழுதுங்கள். ஒலிப்பொறியாளர் பெயருக்கு உறையில் இடமிருந்தால் இதற்கும் இடமுண்டு. இரண்டு, பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் உள்ள நம் பறைக் கலைஞர்களை, அவர்கள் சம்மதித்தால், பதிவு செய்யுங்கள். வாசித்தவர் பெயர், கருவி கட்டியவர் பெயர், அடியின் பெயர், நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். உரிய பணத்தைக் கொடுங்கள். ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் வையுங்கள்.

நூறாண்டு கழித்து இவற்றையும் யாராவது மறுவெளியீடு செய்வார்கள். அப்போது அந்த உறையில் பெயர்கள் இருக்கட்டும்.

ஜெய்பீம்.