பலகை எங்கே?

மலைநாட்டுத் தாய்மார்களே, அண்ணன்மார்களே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும் என் தங்கச்சிகளே!

நான் எழுதிக்கொண்டு வந்தது வேறு பேச்சு. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய பெரியவர் இறங்கும்போது ஒன்று சொல்லிவிட்டு இறங்கினார்: "மெட்ராஸ் காலேஜ்ல நடந்ததைப் பாத்தீங்கல்ல? இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்களைக் கீழ அனுப்பாதீங்கன்னு சொல்றோம்." அதற்குக் கைதட்டலும் விழுந்தது. தட்டிய கைகள் யாருடையவை என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

என்ன நடந்தது மெட்ராஸில்? 2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வெளியாள் ஒருவன் புகுந்து, ஒரு மாணவியை மிரட்டி வன்கொடுமை செய்தான். பிரியாணிக் கடை போட்டிருந்த ஞானசேகரன். பெரியவர் இதோடு கதையை முடித்துக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன். அந்தப் பிள்ளை போலீசுக்குப் போனாள். 2025 மே 28-இல் மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. ஜூன் 2-இல் ஆயுள் தண்டனை. 30 வருடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அவள் வாயைத் திறந்ததால் வந்த தீர்ப்பு, ஐயா!

வாயைத் திறந்தவளுக்கு நாம் என்ன செய்தோம்? அவள் கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர்., அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு வெளியே வந்தது. செல்போன் செல்போனாகப் போனது. கேட்டால், தொழில்நுட்பக் கோளாறாம். கம்ப்யூட்டர்மேல் தப்பாம்! அடுத்தவனுக்கு அனுப்பிவிட்ட விரலும் கம்ப்யூட்டருடையதா? சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அந்த எஃப்.ஐ.ஆரே பெண்மேல் பழி போடுகிற மாதிரி எழுதப்பட்டிருப்பதைக் கண்டித்தது. நீதிபதிகளுக்குப் புரிந்தது, நம் டீக்கடைக்குப் புரியவில்லை. "ராத்திரி அங்க அவளுக்கு என்ன வேலை?" படிக்கிற பிள்ளைக்குக் கல்லூரியில் என்ன வேலையா? பிரியாணிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருத்தன் கேட்டானா?

பெண்மேல் பழி போடுகிற கேள்வி நம் மலைக்குப் புதிதில்லை. கொல்லிப்பாவை கதை தெரியுமல்லவா? அவள் சிரித்தால் ஆண்பிள்ளை மயங்கிச் செத்துப்போவான். இரண்டாயிரம் வருடமாக அதே வாக்குமூலம்: "அவ சிரிச்சா, அதனாலதான்." செத்தவன் எப்படி வந்து சாட்சி சொன்னான் என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் சட்டம் வந்தது. வேலை செய்கிற இடத்தில் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தால் விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவராகப் பெண்தான் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் விவரத்தை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். குழுவே போடாவிட்டால் 50 ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. இதை மாணவிகளுக்கும் சேர்த்து விதியாக்கியது. மாணவி சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மாணவர்களும் உட்கார வேண்டும். துணைவேந்தரும் பதிவாளரும் அதில் உட்காரக் கூடாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியில் அந்தப் பலகை எங்கே? "பூ பறிக்காதே" பலகை இருக்கிறது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி இருக்கிறது. இந்தப் பலகை எங்கே?

நம் மலைப் பிள்ளை ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். கீழே ஒரு கல்லூரி. லேபில் வேலை செய்கிறவன் கையைப் பிடித்தான் என்று போய்ச் சொன்னாள். விசாரணை வைத்தார்களா? அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அந்த மனுசன் மிளகு காயப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். "உங்க பொண்ணு எதிர்காலம்தான் எங்களுக்கு முக்கியம், சமாதானமாப் போயிடலாம்" என்றார்கள். அவரும் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். கையைப் பிடித்தவன் அதே லேபில் இருந்தான்.

சமாதானமா? அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான் சமாதானப் பேச்சே. அதிலும் பணம் கைமாறக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது! மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். எழுத முடியாதவளுக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அவள் பெயர் வெளியே போகக் கூடாது. இதில் ஒரு வரி அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருந்தால் அந்த டீயைக் குடித்திருப்பாரா? எப்படித் தெரியும்? பலகை எங்கே?

இந்தச் சட்டத்தை ஏதோ ஏசி ரூமில் கோட்டுப் போட்டவர்கள் கொடுத்த தர்மம் என்று நினைக்காதீர்கள். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்று ஒரு அம்மா, மண்பானை செய்கிற சாதி. அரசாங்கத் திட்டத்தில் வேலை பார்த்தவர், ஒரு குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அதற்காக 1992-இல் அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். கீழ்க் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. அவருக்கு நடந்த கொடுமையை வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய்த்தான், வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-இல் விசாகா நெறிமுறைகள் வந்தன. அதற்குப் பிறகும் 16 வருடம் கழித்துத்தான் சட்டம். குழந்தைக் கல்யாணம் என்றதும் இங்கே சில பேர் தலையைக் குனிகிறீர்கள். குனியுங்கள். கல்லூரியை நிறுத்திய பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

கல்லூரிக்காரர்களுக்கு இன்னொரு வைத்தியம் தெரியும். எங்கே எது நடந்தாலும் பெண்கள் விடுதிக் கதவைச் சீக்கிரம் பூட்டுவது. ஆறு மணிக்குப் பூட்டு! தப்புச் செய்கிறவன் வெளியே, பூட்டு யாருக்கு? லைப்ரரி ஒன்பது மணி வரைக்கும் பையனுக்கு மட்டும் திறந்திருந்தால் அது வேறு என்ன? அதுவும் பாரபட்சம்தான். அதற்கும் புகார் எழுதலாம், தங்கச்சிகளா, எழுதுங்கள்!

பெரியவரே, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் உங்கள் பேத்தியும் கீழேதான் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மலைப் பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்: புகார்க் குழுவில் யார் யார், போன் நம்பர் என்ன, பலகை எங்கே. கூட்டம் கலைவதற்குள் கையெழுத்து வேண்டும். கைநாட்டுக்கு மை டப்பாவும் இருக்கிறது. முதல் இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன், மேடைக்கு வாங்க. அண்ணே, அந்த மைக்கைக் கொஞ்சம் பிடிங்க, நான் பேனாவைத் தேடணும்.