அரசியல் நகைச்சுவையும் நம் நாவும்

 

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். அக்காலத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் லயமே அந்த வீட்டு வாசலில் கூடிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றோ வீட்டுக்கு வீடு பெட்டி இருக்கின்றது. அது போதாதென்று ஆளுக்கு ஒரு கைப்பேசியும் வந்துவிட்டது. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால், நம்மை முதலில் இழுப்பது நகைச்சுவைதான். அதிலும் அரசியல்வாதியைக் கேலி செய்யும் நகைச்சுவை என்றால், பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சிரிக்கிறார்கள். நாள் முழுதும் உழைத்தவர்கள் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்தச் சொற்கள் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அவை நம் பிள்ளைகளின் நாவிலும், நம் நாவிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூரில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். லயத்துக் குழாய்களில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கழுவிப் பல மாதம் ஆகிவிட்டது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நிர்வாகத்தின் சார்பில் கிராணி வந்திருந்தார். கொஞ்சம் உடல் பருத்தவர். பள்ளியின் சார்பில் நானும் போயிருந்தேன். தொட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஓர் இளைஞர் எழுந்தார். முதல்நாள் இரவு பார்த்த நகைச்சுவை நடிகரைப் போலவே தலையை ஆட்டிக்கொண்டு, “தொட்டியை எங்கேடா தேடுறீங்க? அதுதான் சட்டை போட்டுக்கிட்டு முன்னால உக்காந்திருக்கே!” என்றார். மண்டபம் குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை. கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அவரோடு எங்கள் கோரிக்கையும் போயிற்று. மறுநாளும் குழாயில் அதே செம்மண் தண்ணீர்.

அந்த இளைஞர் சொன்னது உருவகம். மனிதரைத் தொட்டியாக்கிச் சொன்னார். உருவகம் தமிழுக்கு அழகுதானே, அப்படியிருக்க அதில் என்ன குறை? இதற்கு விடை காணச் சற்றே பழைய ஏடுகளைப் புரட்டுவோம்.

கேலிக்கும் கண்டனத்துக்கும் நம் முன்னோர் இட்ட பெயர் ‘அங்கதம்’. தொல்காப்பியம் அதை இரண்டு வகையாகப் பிரிக்கின்றது. குற்றத்தை வெளிப்படையாகச் சொல்லிப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்துச் சொல்லுவது பழிகரப்பு அங்கதம். புகழ்வது போலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று அணி நூல்கள் கூறுகின்றன. ஆகவே, அரசியல் கேலி நமக்குத் தொலைக்காட்சி கொண்டுவந்து கொடுத்த சரக்கு அன்று.

புறநானூற்றில் ஒரு காட்சி உண்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கருவிகளைக் காட்டிப் பெருமை கொள்கிறான். ஔவையார் அவனைத் திட்டவில்லை. “உன் வேல்கள் மயில்தோகை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் அரசனின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் அல்லவா கிடக்கின்றன!” என்னும் கருத்துப்படப் பேசுகிறார். காதுக்கு அது புகழ்ச்சி. ஆனால் உட்பொருள் என்ன? ‘உன் வேல் போரைக் கண்டதில்லை, எங்கள் வேல் போரிலேயே தேய்கின்றது’ என்பதுதான். தூது போன ஒரு பெண், வேற்றரசன் மாளிகையில் நின்றுகொண்டே, ஒரு வசைச்சொல்லும் இல்லாமல் அவன் செருக்கைத் தட்டினார்.

தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனை நம் பெரியவர்கள் அறிவார்கள். ராஜா மேடைக்கு வந்தாலும் கட்டியங்காரன் விடமாட்டான். அவரைக் கேள்வி கேட்பான், ஊர்க் கதையையும் சேர்த்து இழுப்பான். மலாய், ஜாவானிய நிழற்கூத்திலும் இப்படிக் கோமாளிகள் உண்டு. கிளந்தானில் பாக் டோகோல், வாக் லோங். ஜாவாவில் செமாரும் அவன் பிள்ளைகளும். இவர்கள் எல்லோருமே வேலைக்காரர்கள். ராஜாவுக்கு உண்மையைச் சொல்லும் உரிமை அந்தக் கோமாளிக்குத்தான் இருந்தது.

இந்தக் கோமாளி பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் வந்தான். நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் மெட்ரோ தொலைக்காட்சி ‘சென்டிலான் சென்டிலுன்’ என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் இரண்டே முக்கியப் பாத்திரங்கள். எசமானாக ஸ்லாமெட் ரஹார்ஜோ, வேலைக்காரனாக புத்தெட் கார்த்தாரெஜாசா என்னும் பெயர்பெற்ற நடிகர்கள் நடித்தார்கள். வேலைக்காரன் எசமானைப் பணிவாக ‘ந்தோரோ’ என்றுதான் அழைப்பான். ‘ந்தோரோ’ என்றால் நம் பேச்சில் ‘எசமான்’. ஆனால் அந்தப் பணிவான வாயிலிருந்து வருவது லஞ்சம், தேர்தல், விலைவாசி பற்றிய குத்தல். ‘சென்டில்’ என்றால் விரலால் சுண்டுதல். நம் ஊர் மலாயில் ‘ஜெந்திக்’ என்கிறோமே, அதுதான். காதில் ஒரு சுண்டு சுண்டினால் வலிக்கும், ஆனால் எலும்பு முறியாது. தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். நிகழ்ச்சிக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

அதற்கு முன் 2007ஆம் ஆண்டு அளவில் அதே தொலைக்காட்சியில் ‘ரிபப்ளிக் மிம்பி’, அதாவது ‘கனவுக் குடியரசு’ என்னும் நிகழ்ச்சி வந்தது. அப்போது இந்தோனேசிய அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ. மக்கள் அவரை எஸ்.பி.ஒய். என்பார்கள். துணை அதிபர் யூசுப் கல்லா, சுருக்கமாக ஜே.கே. கனவுக் குடியரசின் அதிபருக்கு ‘சி புத்தெட் யோக்யா’ என்று பெயர் வைத்தார்கள். துணை அதிபருக்கு ‘ஜார்வோ குவாட்’ என்று பெயர். முதலாவது பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதே எஸ்.பி.ஒய். இரண்டாவதும் ஜே.கே. போலவே ஒலிக்கும். எதையும் கனவிலே நடந்ததாகச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கு மட்டும் அது யாரைப் பற்றியது என்று நன்றாகத் தெரிந்தது. இதுவும் பழிகரப்புத்தான், நேயர்களே.

இங்கிலாந்தில் 1984 முதல் 1996 வரை ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்னும் பொம்மை நிகழ்ச்சி நடந்தது. அது சுண்டு விடுவதோடு நிற்கவில்லை, அறையவும் செய்தது. அங்கே இரண்டு சிறிய கட்சிகள் கூட்டணி வைத்திருந்தன. ஒன்றின் தலைவர் டேவிட் ஓவன், மற்றொன்றின் தலைவர் டேவிட் ஸ்டீல். பொம்மைக்காரர்கள் ஸ்டீலை மிகச் சிறிய பொம்மையாகச் செய்து, ஓவனின் சட்டைப் பையில் உட்கார வைத்தார்கள். ‘அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்’ என்று நாம் சொல்லுகிறோமே, அந்தச் சொல்லைக் கண்ணுக்கே காட்டிவிட்டார்கள். அந்த உருவம் ஸ்டீலை விட்டு எளிதில் நீங்கவில்லை. ஒரு படிமத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. அது ஒரு மனிதரை நியாயமாகவும் காட்டலாம், அநியாயமாகவும் காட்டலாம்.

நம் தமிழ் உலகுக்கு வருவோம். 1967இல் இந்தியாவின் அரியானா மாநிலத்தில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்று ஒரு சொல் பிறந்தது. ‘வந்தான் ராமன், போனான் ராமன்’ என்று பொருள். அந்தக் காலத்துக் கட்சித் தாவலை வைத்துத்தான் சோ ராமசாமி ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை 1968இல் மேடையேற்றினார். 1971இல் அது திரைப்படமாயிற்று. பதினான்காம் நூற்றாண்டு மன்னன் துக்ளக் மீண்டும் வந்து, தேர்தலில் நின்று, பிரதமராகிறான் என்பது கதை. கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி! பாரசீகம் தேசிய மொழி! உண்மையான துக்ளக், தலைநகரை டில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றி மக்களை அலைக்கழித்தவன். அவன் பெயரைச் சொன்னாலே போதும், இன்றைய ஆட்சியாளரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அதே சோ, 1970 ஜனவரியில் ‘துக்ளக்’ பத்திரிகையைத் தொடங்கியபோது முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் தம் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொள்வது போலப் படம் போட்டார். பிறரைக் கேலி செய்யப் போகிறவர், முதல் கேலியைத் தம் மேலேயே வைத்துக்கொண்டார். அவர் அரசியல் கருத்துகளை ஏற்காதவர்களும் இதை ரசிக்கலாம்.

1994இல் மணிவண்ணன் இயக்கிய ‘அமைதிப்படை’ இன்றும் தொலைக்காட்சியில் வருகின்றது. கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கிய அமாவாசை என்பவன், தேர்தலில் நின்று ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ ஆகிவிடுகிறான். சத்யராஜ் நடித்த வேடம் அது. வாக்கு எண்ணிக்கை கூடக் கூட, தன்னை வளர்த்துவிட்ட தலைவர் முன்னால் அவன் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உட்காரும் காட்சி உங்கள் நினைவுக்கு வரும். அதிகாரம் மனிதனை எப்படி மாற்றுகின்றது என்பதை அந்த நாற்காலியே சொல்லிவிடுகின்றது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இவற்றில் எல்லாம் கடுமை இல்லையா? உண்டு. மரியாதைக் குறைவு இல்லையா? அதுவும் உண்டு. ஆனால் நல்ல கேலி எதைக் குறிவைக்கின்றது என்று பாருங்கள். ஔவையார் தொண்டைமானின் மூக்கைப் பற்றிப் பேசவில்லை. அவன் செருக்கைப் பற்றிப் பேசினார். சோ கட்சித் தாவலைக் கேலி செய்தார். இவை ஒருவர் செய்த செயலைப் பற்றியவை; அவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. கறுப்பு, குட்டை, பருமன், திக்குவாய், சாதி, தொழில் ஆகியவற்றை வைத்துச் செய்யும் கேலியோ, அவர் மாற்ற முடியாததைப் பற்றியது. பட்டணத்தில் நம் பிள்ளையை ஒருவன் ‘எஸ்டேட்டு ஆளு’ என்று இளக்காரமாகச் சொன்னால் எப்படி வலிக்கின்றது? அந்த வலியை அறிந்த நாம் அதே ஆயுதத்தை எடுக்கலாமா?

இன்னொன்று. மேடையில் பேசுகிறவன் வேடம் போட்டிருக்கிறான். வேடத்தைக் களைந்தால் சொல்லும் அவனோடு போய்விடும். கைப்பேசியிலோ அரை நிமிடத் துண்டு மட்டும் வருகின்றது. முன்னே என்ன, பின்னே என்ன, யாரைக் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. சொல் மட்டும் தெரியும். அதைத் தாத்தாவிடமும் சொல்லுவான், வாத்தியாரிடமும் சொல்லுவான். ‘வாடா, போடா’ என்பது வேடத்துக்கு உரிய சொல், வீட்டுக்கு உரியது அன்று என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆகவே பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். பார்த்தபின் மூன்று கேள்வி கேளுங்கள். யாரைக் கேலி செய்தார்கள்? அவர் செய்ததையா, அவர் உருவத்தையா? அதே குறையைத் திட்டாமல் சொல்ல உனக்கு ஒரு வழி தோன்றுகிறதா? மூன்றாவது கேள்விக்கு என் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும் விடைகளைக் கேட்டு நானே வியந்திருக்கிறேன்.

‘ஏழை வாய் திறக்காமல் அடங்கிப் போ’ என்பதும் என் கருத்து அன்று. வள்ளுவர் ‘இனியவை கூறல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவரேதான் ‘இறைமாட்சி’ அதிகாரத்தில், காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்பவனே நல்ல அரசன் என்னும் கருத்தையும் வைத்தார். சொல்லுகிறவருக்கு நாவடக்கம் வேண்டும். கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊருக்கு நட்டம்.

அந்தத் தண்ணீர்த் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுமாதம் மீண்டும் கூட்டம் போட்டார்கள். கிராணி மனமில்லாமல்தான் வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, கையில் ஒரு கிளாஸை ஏந்திக்கொண்டு மெல்ல முன்னால் போனார். “கிராணி ஐயா, களைச்சு வந்திருக்கீங்க. இதைக் குடிங்க. எங்க லயத்துத் தண்ணி ரொம்ப ஒசத்திங்கய்யா. தேத்தூள் போடாமலே தேத்தண்ணி நெறத்துல வருது. சீனி மட்டும்தான் நாங்க வாங்குறோம்” என்றார். மண்டபம் மறுபடியும் சிரித்தது. இம்முறை கிராணியும் சிரித்துவிட்டார். அவர் அதைக் குடிக்கவில்லை. கிளாஸை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு மானேஜரின் மேசைக்குக் கொண்டுபோனார். அந்த வாரமே தொட்டியைக் கழுவினார்கள். கழுவ இறங்கியவர்களில் அந்த இளைஞரும் ஒருவர்.

பாட்டி பள்ளிக்கூடம் போனவரல்லர். வஞ்சப்புகழ்ச்சி என்னும் பெயர்கூட அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனால் ஔவையார் கையாண்ட அதே கருவி அவர் நாவில் இருந்தது. அது நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது, நேயர்களே. தொலைக்காட்சியில் கேட்கும் வசைச்சொல்லுக்காக அதை நம் பிள்ளைகள் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வோம்.