வீட்டில் யார் இருக்கிறார்கள்?

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இப்பங்கில் பிறந்து வளர்ந்து, இன்று இங்கிலாந்தில் மருத்துவர்களாகப் பணியாற்றும் எங்கள் இருவரையும் இம்மேடைக்கு அழைத்தமைக்கு நன்றி. "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று உறவினர் பலரும் கேட்கின்றனர். அதையே சொல்ல விழைகிறோம்.

அந்நாட்டில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அங்கு வசிப்போர் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணம் கொடுப்பதில்லை. ஆனால் படுக்கைகள் போதவில்லை. ஆகவே, அவசர நோயோடு வருபவரை அன்றே சோதித்து, அன்றே சிகிச்சை தொடங்கி, இயன்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பும் தனிப் பிரிவுகள் உருவாயின. பெரிய அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைகள் இவற்றை நாள்தோறும் 12 மணி நேரம், வாரத்தில் 7 நாளும் நடத்த வேண்டும் என்று 2019 ஜனவரியில் வெளியான அச்சேவையின் திட்டம் வகுத்தது. அத்தகைய பிரிவில்தான் நாங்கள் மூத்த மருத்துவர்கள்.

முன்பெல்லாம் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தால், பல நாள் மருத்துவமனைவாசம், ஹெப்பாரின் ஊசி. இன்று இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை. பலர் மாலையே வீடு திரும்புகின்றனர். முதியோருக்கு இது பெரும் நன்மை. நடந்து வந்தவரே சில நாள் படுக்கையில் கிடந்தால், தசை தளர்ந்து நடக்க இயலாமல் போவதுண்டு.

இளம் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்தபின் எங்களிடம் கேட்பது ஒன்றே: "அனுப்பலாமா, வைத்துக்கொள்ளலாமா?" வைத்துக்கொள்வது எளிது. இரவில் பார்த்துக்கொள்ளத் தாதியர் உண்டு. அனுப்பினாலோ, அந்த இரவுக்கும் நாங்களே பொறுப்பு.

ஒரு குளிர்கால மாலை. எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்குக் காலில் இரத்த உறைவு. சோதனைகளைச் சரியாகப் பார்த்தோம். முதல் மாத்திரையை நாங்களே கொடுத்தோம். மீதியையும் அறிவுரைத் தாளையும் கையில் தந்து அனுப்பினோம். மூன்றாம் நாள் அவர் மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் திரும்பினார். மாத்திரைப் பெட்டியில் அந்த முதல் மாத்திரை மட்டுமே குறைந்திருந்தது. கண் மங்கியவர், தனியே வாழ்பவர், தாளை வாசித்துச் சொல்ல ஆளில்லை. எல்லாவற்றையும் கேட்ட நாங்கள், "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கவில்லை.

இறைவன் அருளால் அவர் பிழைத்தார். எங்களைக் கோபிக்கவும் இல்லை. "நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள், டாக்டர்" என்றார். அந்தச் சொல் இன்றும் எங்களைச் சுடுகிறது. அன்று முதல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எவரையும் அனுப்புவதில்லை. தனியே இருப்பவரை மறுநாள் தொலைபேசியில் விசாரிக்கிறோம்.

அன்பர்களே, எந்த மருத்துவர் உங்களை வீட்டுக்கு அனுப்பினாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள்? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வேண்டும்? இரவில் யாரை அழைப்பது? கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

எங்களைப் போல் பிள்ளைகள் கடல் கடந்து சென்ற வீடுகள் இப்பங்கிலும் உண்டு. அங்கே மாத்திரைச் சீட்டை வாசித்துச் சொல்பவர் அடுத்த வீட்டுக்காரரே. எங்கள் பெற்றோருக்கு அதைச் செய்து வருபவர்கள் நீங்கள்தாம். அந்தக் கடனை எங்களால் தீர்க்க இயலாது. அங்கே தனித்திருக்கும் முதியோர்க்குச் செய்வதே எங்களால் ஆவது.