வரவுக்கு வரியா? செலவுக்கு வரியா?

(தியாகராய நகரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மௌலவிக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஹலாலான சம்பாத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவன், அந்தச் சம்பாத்தியத்திலிருந்து எது, எவரிடமிருந்து, எந்த வழியில் எடுக்கப்படுகிறது என்பதையும் பேசத்தான் வேண்டும்.

"இந்த நாட்டில் வரி கட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அந்த வரிப் பணத்தில் சாப்பிடுகிறார்கள்." இந்தப் பேச்சை டீக்கடையில் கேட்டிருப்பீர்கள், ரயில் பெட்டியில் கேட்டிருப்பீர்கள். ரேஷன் வரிசையில் நிற்கும் தாயையும், கல்வி உதவித்தொகைக்கு மனுப் போடும் பிள்ளையையும் குத்திக் காட்டுகிற பேச்சு இது. நம் இளைஞர்களில் பலர் இதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டியதில்லை, தம்பிகளே! அந்தப் பேச்சு பொய். ஏன் பொய் என்பதைக் கணக்கோடு தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வாசல்கள்

அரசாங்கம் உங்களிடம் வரி வாங்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பணம் உங்கள் வீட்டுக்குள் வருகிற வாசல். அங்கே நின்று வாங்குவது வருமான வரி. இன்னொன்று, பணம் வெளியே போகிற வாசல். அங்கே நின்று வாங்குவது விற்பனை வரி, இப்போது ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி. இதைத்தான் நுகர்வு வரி என்கிறோம்.

வருமான வரியைப் பலபடியாகவும் வைக்கலாம், எல்லோருக்கும் ஒரே விகிதமாகவும் வைக்கலாம். ஒரே விகிதம் நல்லதா, அல்லது வருமான வரியையே எடுத்துவிட்டுச் செலவின் மேல் மட்டும் வரி போடலாமா என்று உலகமெங்கும் வாதம் நடக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் நிற்கும் தம்பிக்கு மாதம் 20,000 ரூபாய். வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது என்று அத்தனையும் செலவு. அடையாறில் சொந்த வீடுள்ள ஒருவருக்கு மாதம் 2,00,000 ரூபாய். செலவு 80,000, மிச்சம் சேமிப்பு.

எல்லாச் செலவுக்கும் 10 சதவீத வரி என்று வையுங்கள். தம்பி கட்டுவது 2,000. அது அவர் வருமானத்தில் 10 சதவீதம். அடையாறுக்காரர் கட்டுவது 8,000. அது அவர் வருமானத்தில் 4 சதவீதம்தான்.

இப்போது வருமானத்துக்கு 10 சதவீதம் என்று ஒரே விகிதம் வையுங்கள். தம்பிக்கு 2,000, அவருக்கு 20,000. இரண்டுமே பத்தில் ஒன்று. அதோடு, முதல் 20,000 ரூபாய்க்கு வரி கிடையாது என்று ஒரு வரம்பும் வையுங்கள். தம்பிக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு 18,000. விகிதம் மாறவில்லை, பாரம் முழுவதும் தாங்கக்கூடிய தோளுக்குப் போய்விட்டது.

ஆகவே விகிதம் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எதன் மேல் போடுகிறார்கள், எந்த வரம்புக்குக் கீழே விட்டுவிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

செலவு வரியை ஆதரிப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. வருமானத்தை மறைக்கிறவன்கூடப் பொருள் வாங்கும்போது சிக்கிக்கொள்வான், ஆடம்பரம் குறையும், சேமிப்பு வளரும், இன்று சேமித்த பணத்தை என்றாவது செலவழித்தே ஆகவேண்டும் என்கிறார்கள். முதல் மூன்றும் சரி. நான்காவது எல்லோருக்கும் பொருந்தாது. பெரும் செல்வம் செலவாகாமலே தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஏழையின் பணம் மாதக் கடைசியைத் தாண்டுவதில்லை.

சென்னையில் பிறந்த வரி

இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி எங்கே பிறந்தது தெரியுமா? நம் சென்னை மாகாணத்தில்தான். இதே தியாகராய நகரின் பஸ்லுல்லா சாலையில் பின்னாளில் வாழ்ந்த ராஜாஜி அவர்கள், 1937 முதல் 1939 வரை மாகாணப் பிரதமராக இருந்தார். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாம் மனமார வரவேற்க வேண்டிய காரியம் அது. ஆனால் கள்ளு, சாராய வருமானம் போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது.

பிறகு என்ன நடந்தது? 1971-ல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. பிறகு அதுவும் போனது. 2003-லிருந்து அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. மதுவின் வருமானம் கஜானாவுக்குத் திரும்பிவிட்டது. அதற்கு மாற்றாக வந்த விற்பனை வரி போயிற்றா? போகவில்லை. 1959-ல் புதுச் சட்டமாக, 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரியாக, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யாகப் பெயரை மாற்றிக்கொண்டு நிலைத்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் வசூலான மொத்த ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 22 லட்சம் கோடி ரூபாய்!

செல்வத்தின் மேல் இருந்த வரிகளுக்கு என்ன ஆயிற்று? 1953-ல் வந்த வாரிசுச் சொத்து வரி 1985-ல் போயிற்று. 1957-ல் வந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் நீக்கினார்கள். பணக்காரர் வாசலில் நின்ற வரிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மளிகைக் கடை வாசலில் நின்ற வரி மட்டும் நிற்கிறது.

டி.டி.கே. செய்த சோதனை

மயிலாப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் டி.டி.கே. சாலையில் போயிருப்பீர்கள். அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, நிக்கலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞரின் யோசனையைக் கேட்டு, 1957-ல் ஒரு செலவு வரியைக் கொண்டுவந்தார். கடையில் பொருளின் மேல் போடுகிற வரி அல்ல அது. பெரும் வருமானக்காரர் ஆண்டு முழுவதும் எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குக் கேட்டு, செலவு ஏற ஏற விகிதத்தையும் ஏற்றுகிற வரி. ஒருவன் சமுதாயத்துக்குள் எவ்வளவு போடுகிறான் என்று பார்ப்பதைவிட, எவ்வளவு எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்து வரி போடு என்பது கால்டாரின் வாதம்.

நல்ல யோசனைதான். ஆனால் கட்டியவர்கள் சிலர், வசூல் சொற்பம், கணக்குப் பார்ப்பதோ பெரும்பாடு. 1962-ல் நீக்கினார்கள். டி.டி.கே. மீண்டும் நிதியமைச்சரானபின் 1964-ல் திரும்ப வந்தது. 1966-ல் ஒரேயடியாகப் போயிற்று. பணக்காரரின் செலவை எண்ணுவது கடினம். ஏழை வாங்கும் சோப்பில் வரியைச் சேர்ப்பது சுலபம். அரசாங்கங்கள் சுலபமான வழிக்கே போகின்றன.

கடல் கடந்த சகோதரர்கள்

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் 2018 ஜனவரியில் சவூதியிலும் அமீரகத்திலும் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது. சவூதியில் 2020 ஜூலையில் அது 15 சதவீதமானது. அங்கே மூட்டை தூக்கும் நம் சகோதரரின் சம்பளச் சீட்டில் வரி இல்லை. அவர் வாங்கும் ரொட்டியில் இருக்கிறது.

மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. விலைவாசி பெரும் பிரச்சினையாகி, 2018 மே தேர்தலில் ஆட்சியே மாறியது. அடுத்த மாதமே அந்த வரியைப் பூஜ்யமாக்கினார்கள். செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது.

ஒரே விகித வருமான வரியை ரஷ்யா 2001-ல் 13 சதவீதமாக வைத்தது. 2021-ல் பெருவருமானத்துக்கு 15 சதவீதப் படியைச் சேர்த்தது. 2025-லிருந்து அங்கே ஐந்து படிகள்; உச்சம் 22 சதவீதம். ஒரே விகிதத்தின் எளிமையைப் புகழ்ந்த நாடே படிக்கட்டுக்குத் திரும்பிவிட்டது.

நம் கடைவீதியின் ஒரே விகிதம்

வணிகப் பெருமக்களே! ஒரே விகித வருமான வரி இந்தியாவில் இல்லை என்று நினைக்காதீர்கள். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் உங்கள் கூட்டு வியாபாரத்திலேயே அது இருக்கிறது. தனிநபருக்கு 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. பதிவு செய்த கூட்டு நிறுவனத்துக்கோ முதல் ரூபாய் லாபத்திலிருந்தே 30 சதவீதம். பெரிய கம்பெனிகளுக்கு 2019-ல் 22 சதவீத வசதி கிடைத்தது. செஸ் முதலியவை இருவருக்கும் தனி.

வரம்பில்லாத ஒரே விகிதம் சிறியவரைத்தான் முதலில் அழுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இதில் ஒரு வழி உண்டு. உழைக்கும் பங்காளிக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு சம்பளத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டுப் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தையாகத் தொழில் நடத்துகிறவருக்கு அந்தக் கழிவு கிடையாது. இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

யார் வரி கட்டாதவர்?

மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் 12,000 சம்பாதிக்கும் தம்பி பல் துலக்கும் பற்பசைக்கு வரி கட்டுகிறார். 2025 செப்டம்பர் 22 வரை சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் இவற்றுக்கெல்லாம் 18 சதவீதம்! அன்றுதான் 5 ஆகக் குறைந்தது. தனிநபர் உயிர்க் காப்பீடு, மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீங்கியதும் அன்றுதான். நல்லதை நல்லது என்போம். ஆனால் எட்டு ஆண்டுகள் அந்த 18-ஐக் கட்டியது யார்? 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீதம் வந்ததும், தமிழகக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்ததே, ஏன்? அரிசிக்கும் வரி என்றதும் வணிகரும் வாங்குபவரும் தேடிய வழி அது.

ஆகவே, "நீ வரி கட்டாதவன்" என்று எவராவது சொன்னால், தம்பிகளே, மளிகை ரசீதைக் காட்டுங்கள். இந்த நாட்டில் வாங்கிச் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் வரி கட்டுகிறவர். ரேஷனும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எவரும் போட்ட பிச்சையல்ல. நீங்களும் பணம் கட்டி நடத்துகிற காரியங்கள். கேட்கும்போது கெஞ்சாதீர்கள். குடிமகனாகக் கேளுங்கள்.

ஜகாத் காட்டும் அளவு

நமக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பணத்துக்கும் வணிகச் சரக்குக்கும் ஜகாத் ஒரே விகிதம்தான்: நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் நிஸாப் என்ற வரம்பை எட்டாதவர் மேல் அது இல்லை. ஓராண்டு கையில் தங்காத செல்வத்துக்கு இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கும் தொழில் கருவிக்கும் இல்லை. ஏழையின் ரொட்டியில் அது கை வைப்பதே இல்லை. தேங்கி நிற்கும் செல்வத்தைத் தேடிப் போகிறது. வாங்கும் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையினரையும் சொல்லிவிட்டது. ஜகாத் வேறு, அரசு வரி வேறு; ஒன்றைக் கட்டினால் மற்றது கழிந்துவிடாது. ஆனால் ஒரு வரி நியாயமானதா என்று பார்க்க, வரம்பு எங்கே, சுமை யார் மேல், போவது யாருக்கு என்ற மூன்று கேள்விகளை ஜகாத் நமக்குக் கற்றுத் தருகிறது.

செய்ய வேண்டியவை

வணிகர்களே! வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி. உங்கள் பணம் அல்ல. அது அமானத். அதைக் கல்லாவில் போட்டுச் சரக்கு வாங்குவது ஏழையின் பணத்தில் கை வைப்பது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தவர்கள், விற்றுமுதலில் 1 சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. வெறும் துண்டுச் சீட்டில் வரி சேர்த்து எழுதுவது மோசடி.

இளைஞர்களே! ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு மாதச் செலவில் எவ்வளவு வரி போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். உங்களில் பி.காம். படித்தவர்கள் வாரம் ஒரு மாலை நடைபாதை வியாபாரிகளுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் கணக்கெழுதிக் கொடுங்கள். அதுவும் சமுதாயப் பணிதான்.

நாம் எல்லோரும் சேர்ந்து ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: உணவுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புப் பொருளுக்கும் வரி வேண்டாம். சிறு கூட்டு வியாபாரத்துக்கு ஒரு வரம்பு கொடு. தேங்கிக் கிடக்கும் பெருஞ்செல்வத்தை விட்டுவிட்டு மளிகைக் கடை வாசலில் நிற்காதே. எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும் இந்தக் கேள்வியை முன்னால் வையுங்கள்.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மையாளர்களாக, கொடுப்பதிலும் கேட்பதிலும் நியாயவான்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.