உயிலும் அறமும்



சோழ வளநாட்டில் கொடை புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களில் இராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு விளக்கு அணையாது எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். பொருள் இன்னது, அதன் பயன் இன்னது, காப்பவர் இன்னார் என்று மூன்றையும் வரையறுத்துக் கொடுத்தார்கள் நம் முன்னோர். இறந்தபின் ஆலயத்துக்குச் சேருமாறு எழுதப்படும் உயிலுக்கும் இம்மூன்றும் இன்றியமையாதவை.

தஞ்சையில் அத்தகைய உயில் எழுதியவருள் ஒருவர் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1778 முதல் தஞ்சையிலேயே தங்கினார். சிவகங்கைப் பூங்காவை அடுத்து இன்றும் நிற்கும் ஆலயம் 1779இல் அவர் காலத்தில் எழுந்தது. ஹைதர் அலியின் படையெடுப்பின்போது கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். வெளியே நெல் இருந்தது, ஏற்றிவர மாடில்லை. முன்பு கொடுத்ததற்கே கூலி பெறாத குடியானவர்கள் அரசின் சொல்லை நம்பவில்லை. சுவார்ட்ஸ், "நானே என் கையால் பணம் தருவேன்" என்று உறுதி கூறினார். சில நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. பின்னர் அவர் வாக்குத் தவறாமல் அனைவருக்கும் பணம் கொடுத்தார்.

மணம் புரியாமல் எளிமையாக வாழ்ந்த அவர், 1798 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்தார். தம் சேமிப்பைத் திருச்சபைப் பணிக்கே விட்டுச் சென்றார். சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் அமைத்தார். வாழ்நாள் முழுவதும் கொடுத்தவரின் கடைசிக் கொடையே அந்த உயில்.

ஆயினும் எல்லாருடைய நிலையும் அவர் நிலையன்று. மனைவி மக்கள் உள்ளவர் தம் நிலம் முழுவதையும் ஆலயத்துக்கு எழுதி வைத்தால் அது அறமாகுமா? மரணப் படுக்கையில் பிறர் வற்புறுத்தலால் எழுதினால் தானமாகுமா? இவ்வச்சத்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு ஒரு வேலி கட்டியது. உடன்பிறந்தார் மக்களோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், சமயப் பணிக்கோ தர்மத்துக்கோ எழுதும் உயில், அவர் இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, ஆறு மாதங்களுக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது. அனைவருக்கும் பொதுவாகாத இவ்விதி சமத்துவத்துக்கு மாறானது என்று 2003இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கியது.

நீதி அதுவே. ஆனால் சட்டத்தின் வேலி அகன்ற இடத்தில் மனச்சாட்சியின் வேலி நிற்க வேண்டும். உடல்நலமும் தெளிந்த அறிவும் உள்ளபோதே உயில் எழுதுதல் வேண்டும். கடனும் குடும்பக் கடமையும் முதலில்; தானம் அதன்பின். சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுவோர் சாட்சியாகலாகாது. "ஆலயத்துக்கு" என்று மட்டும் எழுதாமல், ஏழை மாணவர் கல்விக்கா, கட்டடப் பழுதுக்கா என்பதையும், நிறைவேற்றுவோர் பெயரையும் தெளிவாகக் குறித்தல் நன்று.

உங்களுக்கு இன்று எழுதி வைக்க உடைமை இல்லாதிருக்கலாம். ஆனால் வீட்டுப் பெரியோர் உங்களை அழைத்து உயிலைப் படிக்கச் சொல்லும் நாள் வரும். அப்போது ஒன்று கேளுங்கள்: இக்கொடையால் வீட்டில் எவர் கண்ணும் கலங்காதன்றோ? கலங்காதெனில், மகிழ்ந்து துணை நில்லுங்கள்.